ரத்தம் சொல்லும் ரகசியம்!

முதியோர் விடுதிகளில் நடந்த கொரோனா சோதனை

ஒருவருக்குக் காய்ச்சல் இல்லை. இருமல் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறார், சிரித்துப் பேசுகிறார். ஆனால் அவர் உடம்பில் கொரோனா கிருமி இருக்கிறது!

இப்படியும் நடக்குமா? நடந்தது!

2020-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் லண்டன் நகரில் கொரோனா பரவியது. அங்கு உள்ள 6 முதியோர் விடுதிகளில் எல்லோருக்கும் சோதனை நடந்தது.

விடுதிகளில் இருந்த முதியவர்கள் 264 பேர். அவர்களில் 105 பேருக்குக் கிருமி இருந்தது. இந்த 105 பேரில் 46 பேருக்கு நோயின் அறிகுறி எதுவுமே தோன்றவில்லை.

சோதிக்கப்பட்ட ஊழியர்கள் 254 பேர். அவர்களில் 53 பேருக்குக் கிருமி இருந்தது. முதியவர்களுக்குச் சோறு ஊட்டுவதும், குளிப்பாட்டுவதும் இந்த ஊழியர்கள்தான்.

முதியோர் விடுதியில் பலர் ஒரே கூரையின் கீழ் வாழ்கிறார்கள். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கிருமி புகுந்தால் எளிதில் பரவிவிடும். 2020-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் இருந்து ஜூன் மாத நடுப்பகுதி வரை இங்கிலாந்து, வேல்ஸ் விடுதிகளில் வசித்த முதியவர்கள் 19 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் கொரோனாவுக்குப் பலியானார்கள்.

பெற்றோரைப் பார்க்க வந்த பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே நின்று கை அசைத்துவிட்டுப் போனார்கள்.

"நோய் வந்து போனவர்களுக்கு மறுபடியும் வருமா?" எல்லோர் மனதிலும் இந்தக் கேள்வி எழுந்தது. விடை ரத்தத்தில் இருந்தது.

இரண்டு சோதனைகள்

கொரோனாவுக்கு இரண்டு விதமான சோதனைகள் உண்டு.

ஒன்று, மூக்கில் குச்சியை விட்டு எடுக்கும் சோதனை. கிருமி இப்போது உடம்பில் இருக்கிறதா என்பதை இது காட்டும்.

மற்றொன்று ரத்த சோதனை. கிருமி முன்பு எப்போதாவது வந்து போனதா என்பதை இது காட்டும்.

ஒரு கிருமி உடம்புக்குள் நுழைந்தால், அதை எதிர்த்துப் போராட ரத்தத்தில் ஒரு பொருள் உண்டாகிறது. இதற்கு "ஆன்டிபாடி" என்று பெயர். எதிர்ப்புப் பொருள் என்று சொல்லலாம். கிருமி போன பிறகும் இது பல மாதங்கள் ரத்தத்தில் தங்கி இருக்கும்.

எதிர்ப்புப் பொருள் உடனே தோன்றிவிடாது. ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை ஆகும். ஆகவே, நேற்று நோய் தொற்றியவரின் ரத்தத்தில் இன்று ஒன்றும் தெரியாது. "ரத்தத்தில் ஒன்றும் இல்லை, இவருக்கு நோய் இல்லை" என்று நினைத்து, அவரை மற்றவர்களோடு சேர்த்து வைத்தால் ஆபத்து!

மறுபடியும் வந்தது

லண்டனில் 2 விடுதிகளில் கொரோனா இரண்டாவது தடவையாகப் புகுந்தது. இது 2020-ம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நடந்தது.

அங்கு இருந்தவர்களுக்கு முன்பே ரத்த சோதனை நடந்து இருந்தது. யார் யாருக்கு எதிர்ப்புப் பொருள் உண்டு என்பது நிபுணர்களுக்குத் தெரியும்.

எதிர்ப்புப் பொருள் இல்லாதவர்கள் 73 பேர். அவர்களில் 22 பேரைக் கிருமி பிடித்துக்கொண்டது.

ஏற்கனவே கொரோனா வந்து போனவர்கள் 88 பேர். அவர்களில் எத்தனை பேருக்கு மீண்டும் வந்தது? ஒரே ஒருவருக்குத்தான்!

தள்ளாத வயதிலும் உடம்பு தன் எதிரியை மறக்கவில்லை.

100 விடுதிகளில்

2 விடுதிகளை வைத்து முடிவு சொல்ல முடியுமா? லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் 100 விடுதிகளில் ஆராய்ச்சி நடத்தினார்கள். 682 முதியவர்களும், 1,429 ஊழியர்களும் இதில் கலந்துகொண்டார்கள்.

2020 ஜூன், ஜூலை மாதங்களில் ரத்தம் சோதிக்கப்பட்டது. பிறகு அக்டோபர் முதல் 2021 பிப்ரவரி வரை அவர்களைக் கவனித்தார்கள்.

முன்பு நோய் வந்தவர்கள் 634 பேர். அவர்களில் 14 பேருக்கு மட்டுமே மீண்டும் தொற்றியது. நோய் வராமல் இருந்த 1,477 பேரில் 204 பேருக்குத் தொற்றியது.

ஊசி போட்ட பிறகு

தடுப்பு ஊசி போட்டாலும் எதிர்ப்புப் பொருள் உண்டாகும். அப்படியானால், அது நோயால் வந்ததா, ஊசியால் வந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அதற்கும் வழி உண்டு. கொரோனா கிருமியின் மேலே முள் போன்ற பகுதி இருக்கிறது. இங்கிலாந்து விடுதிகளில் முதலில் போட்ட ஊசிகள் அந்த முள்ளை மட்டுமே உடம்புக்கு அடையாளம் காட்டின. கிருமியின் உள்ளே இருக்கும் புரதத்தை எதிர்க்கும் பொருளும் ரத்தத்தில் இருந்தால், நோயே வந்து போயிருக்கிறது என்று அறியலாம்.

கவசம் நிலைக்குமா?

இந்தப் பாதுகாப்பு என்றென்றும் நிலைப்பது அல்ல. நாளாக ஆக எதிர்ப்புப் பொருள் குறையும். கிருமியும் உருவம் மாறும். 2021-ம் ஆண்டு நவம்பரில் "ஒமைக்ரான்" என்ற புது வகைக் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. ஏற்கனவே நோய் வந்தவர்கள் பலரையும் அது மீண்டும் பிடித்தது.

எனவே, ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருக்கிறது என்று முகமூடியைக் கழற்றி எறிந்துவிடக் கூடாது. விடுதியில் நோய் புகுந்தால், மூக்கு சோதனையை உடனே எல்லோருக்கும் செய்ய வேண்டும். காய்ச்சல் இல்லாதவர்களையும் விட்டுவிடக் கூடாது.

ரத்தம் சொல்வது பழைய கதை. இன்று யாரைத் தனியாக வைக்க வேண்டும் என்பதை மூக்கு சோதனைதான் சொல்லும்.