அடிக்கும் கை அணைக்கக் கற்குமா?

பெற்றோரே! பிள்ளையை அடித்துவிட்டு, அது அழுதவாறே உறங்கியபின் தலைமாட்டில் அமர்ந்து கண்ணீர் விட்டதுண்டா? "இனி அடிப்பதில்லை" என்று உறுதி பூண்டதுண்டா? மறுநாள் அவ்வுறுதி என்னவாயிற்று?

அன்பின்மைதான் அடிக்குக் காரணம் என்று எண்ணிவிடாதீர்கள். பிள்ளை சொற்கேளாதபோது தாய் அதட்டுகிறாள், பயனில்லை. ஓங்கி ஓர் அடி கொடுக்கிறாள், பிள்ளை அடங்குகிறது. அடித்தால்தான் நடக்கும் என்னும் பாடத்தை அக்கணமே அவள் கற்றுவிடுகிறாள். ஆனால் அந்த அடக்கம் நிலைப்பதில்லை. நாளை இரண்டு அடி. அடுத்த வாரம் பிரம்பு. அமெரிக்க உளவியலறிஞர் ஜெரால்டு பேட்டர்சன், குடும்பங்களை அவரவர் வீட்டிலேயே கவனித்து ஆராய்ந்து, இத்தகைய சுழலை விளக்கிக் காட்டினார்.

அதனை அறுப்பது எங்ஙனம்? அதே நாட்டைச் சேர்ந்த ஷீலா ஐபெர்க் 1970களில் ஒரு பயிற்சியை வகுத்தார். அதில் உபதேசம் இல்லை. தாயோ தந்தையோ பிள்ளையுடன் ஓர் அறையில் விளையாடுவர். ஒருபுறம் மட்டுமே தெரியும் கண்ணாடிக்கு அப்பால் பயிற்சியாளர் இருப்பார். பெற்றவரின் காதில் பொருத்திய சிறு கருவி வழியே அவ்வப்போது சொல்லித்தருவார். முதற்கட்டத்தில் கட்டளை, கேள்வி, குறைகூறல் மூன்றும் விலக்கு. "சமர்த்து" என்று பொதுவாகப் புகழாமல், "பொம்மைகளைப் பெட்டியில் எடுத்து வைத்தாயே, மிக நன்று" எனச் செயலைச் சுட்டிப் புகழவேண்டும். வீட்டிலும் நாள்தோறும் 5 நிமிடம் இது தொடரவேண்டும்.

இரண்டாம் கட்டத்தில்தான் கட்டளை. ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். அதுவும் தெளிவாக, அமைதியாக. சொன்னபின் 5 விநாடி பொறுக்கவேண்டும். கேட்டால் உடனே பாராட்டு. கேளாவிடில் ஓர் எச்சரிக்கை. அதற்கும் இணங்காவிடில் சிறிது நேரம் நாற்காலியில் தனியே அமரவைத்தல். அடி இல்லை, வசை இல்லை.

பயன் விளைந்ததா? ஓக்லஹோமா மாநிலத்தில், பிள்ளைகளை அடித்துத் துன்புறுத்திய 110 பெற்றோரிடையே மார்க் சாஃபின் குழுவினர் ஆய்வு நடத்தி, 2004-இல் முடிவை வெளியிட்டனர். ஏறத்தாழ 850 நாள்கள் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான பெற்றோர் வகுப்புக்குச் சென்றவர்களில் 49 விழுக்காட்டினர் மீது மீண்டும் புகார் எழுந்திருந்தது. இப்பயிற்சியை மேற்கொண்டவர்களிலோ 19 விழுக்காட்டினர் மீதே எழுந்தது. தீமை முற்றிலும் ஒழியவில்லைதான். எனினும் எத்தனை பிள்ளைகளின் முதுகு தப்பியது, எண்ணிப்பாருங்கள்!

தையல் கற்கிறோம், சமையல் கற்கிறோம். பிள்ளையிடம் பேசுவதும் கற்றால் வருவதே. கை மீறிப் போகிறது என்று தோன்றினால், மருத்துவரிடமோ உளவியல் ஆலோசகரிடமோ செல்ல வெட்கப்படாதீர்கள். இன்று மஃரிபுக்குப் பின் 5 நிமிடம் பிள்ளையருகே தரையில் அமருங்கள். அது விளையாடுவதையே நீங்களும் விளையாடுங்கள். அது செய்த ஒரு நற்செயலைச் சுட்டிச் சொல்லிப் பாராட்டுங்கள். பிரம்பை எடுக்க எழும் கைக்கு அதுவே முதற்பாடம்.