மூட்டுவலியோடு மாதவிலக்கும் சீக்கிரம் நின்றால்...



குழுக் கூட்டத்தில் கடன், வட்டி, தவணை எல்லாம் மனம்விட்டுப் பேசுகிறோம். மாதவிலக்கு நின்றதைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். அது சரியா?

45 வயதுக்கு முன்பே மாதவிலக்கு நின்றால் அது சீக்கிரம்தான். 40-க்கு முன் என்றால் கட்டாயம் டாக்டரைப் பார்க்க வேண்டும். அதிலும் சரவாங்கி எனும் முடக்குவாதம் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்கணும். நோயை எதிர்க்க வேண்டிய சக்தியே நம் மூட்டுகளைத் தாக்குவதுதான் இந்த நோய். வேலியே பயிரை மேய்ந்த கதை!

எது எதனால் வருகிறது?

திடீரென முகம், கழுத்தெல்லாம் சூடாகி வியர்த்துக் கொட்டுவது பெரும்பாலும் மாதவிலக்கு நிற்பதால் வருவது. காலையில் விரல்கள் வீங்கி, ஒரு மணி நேரம் ஆகியும் மடக்க முடியவில்லை என்றால் முடக்குவாதம் கூடியிருக்கலாம். அசதியும் தூக்கமின்மையும் இரண்டிலும் வரும்; தைராய்டு, ரத்தசோகையிலும் வரும். அதனால் நாமே முடிவு செய்யாமல் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வோம்.

எலும்புக்குத்தான் பெரிய ஆபத்து. மாதவிலக்கு நின்றதும் எலும்பைக் காக்கும் ஹார்மோன் குறைகிறது. முடக்குவாதமும், அதற்குப் பல மாதம் சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரையும் எலும்பை மேலும் தேய்க்கும். லேசாக விழுந்தாலே இடுப்பு எலும்பு முறியலாம்.

நாம் செய்ய வேண்டியவை:

1. கேழ்வரகு, கீரை, எள், மோர், முள்ளோடு சாப்பிடும் நெத்திலி ஆகியவற்றைச் சேர்ப்போம். வெயில் படும்படி தினமும் நடப்போம்.

2. ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்தக் கூடாது. டாக்டர் சொல்லித்தான் குறைக்கணும்.

3. தைராய்டு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் சேர்த்துப் போடக் கூடாது. 4 மணி நேரம் இடைவெளி வேண்டும்.

4. ஹார்மோன் மாத்திரை சிலருக்கு அவசியம், சிலருக்கு ஆகாது. கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

5. இரவில் வியர்த்தால் தளர்வான பருத்தித் துணி உடுத்துங்கள். சூடான டீ, காரம் குறைத்துப் பாருங்கள்.

6. நின்று ஒரு வருடம் கழித்து மறுபடி ரத்தம் பட்டால் "திரும்ப வந்துடுச்சு" என்று இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். புற்றுநோயா என்று பார்க்க வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும், கடைசியாக மாதவிலக்கு வந்த தேதியையும் கொண்டுபோவோம். தனியாகப் போகத் தயங்கும் சகோதரியோடு குழுவில் ஒருவர் துணைக்குப் போகலாமே! அடுத்த கூட்டத்தில் கணக்கு முடிந்ததும் இதையும் பேசுவோம்.