ஒரு சோப்பின் கணக்கு

சோப்புக்கட்டி சிறியது, அதன் வரலாறோ நெடியது. அதற்கு வேண்டிய எண்ணெய், தொலைவிலுள்ள எண்ணெய்ப்பனைத் தோட்டங்களிலிருந்து வருகிறது. ஆலையில் அது சோப்பாகிறது. கப்பலிலும் லாரியிலும் ஏறிக் கடையை அடைகிறது. இறுதியில் குளியலறையில் நீரோடு கரைகிறது. இவ்வழி நெடுகிலும் நிலக்கரியும் பெட்ரோலியமும் எரிகின்றன. கரியமில வாயு வெளிப்படுகிறது. அவ்வாயு மிகுவதால் உலகின் வெப்பம் உயர்கிறது. ஆதலின், இத்தகைய பொருள்களைச் செய்து விற்கும் நிறுவனங்கள் பல, அதனைக் குறைப்பதாக உறுதிமொழி கூறுகின்றன. அவ்வுறுதிமொழியை மதிப்பிடுவது எங்ஙனம்?

முதலில் வேண்டுவது கணக்கு. 2001ஆம் ஆண்டில் வெளியான பன்னாட்டு வழிகாட்டி நெறி, அக்கணக்கை மூன்றாகப் பகுக்கிறது. நிறுவனத்தின் கொதிகலன்களும் ஊர்திகளும் நேரே வெளியிடுவது முதற்பகுதி. விலைக்கு வாங்கும் மின்சாரத்தால் விளைவது இரண்டாம் பகுதி. மூலப்பொருள், பிறர் வழிப் போக்குவரத்து, வாங்கியோர் பயன்படுத்துதல், கழிவு ஆகியவற்றால் விளைவது மூன்றாம் பகுதி. முன்னிரண்டும் நிறுவனத்தின் கைக்கு அடங்கியவை. மூன்றாவதோ அடங்காதது, ஆயினும், பெரும்பாலும் அதுவே மிகப் பெரியது.

யூனிலீவர் நிறுவனத்தின் வரலாறு இதற்கு நல்ல சான்றாகும். சோப்பு, தேயிலை, பனிக்கூழ் முதலியவற்றை விற்றுவந்த அந்நிறுவனம், 2010ஆம் ஆண்டில் ஓர் உறுதி கூறியது. தன் பொருளை ஒருவர் ஒருமுறை பயன்படுத்துவதால் விளையும் வாயுவை, 2020க்குள் பாதியாகக் குறைப்பதாக அது அறிவித்தது. ஆலைகளில் குறைப்பு நன்கு நிகழ்ந்தது. ஆனால், அந்நிறுவனத்தின் கணக்கில் பாதிக்கு மேற்பட்ட வாயு, மக்கள் தம் வீடுகளில் குளிக்கவும் துவைக்கவும் நீரைச் சுடவைப்பதால் விளைவதாகும். அப்பகுதி எளிதில் குறையவில்லை. எனவே, குறித்த காலம் 2030க்குத் தள்ளி வைக்கப்பட்டது.

பின்னர், 2020ஆம் ஆண்டில் அந்நிறுவனம் புதியதோர் உறுதி கூறியது. 2039க்குள் வெளியிடும் வாயுவையும் நீக்கும் வாயுவையும் சமமாக்குவதே அது. மூலப்பொருள் தொடங்கிக் கடை வரையிலான வழியே இதன் எல்லை. வீட்டு வெந்நீர் இவ்வெல்லைக்குள் அடங்கவில்லை. உறுதிமொழியில் எது சேர்ந்துள்ளது, எது விடுபட்டுள்ளது என்று நோக்குவது எத்துணை இன்றியமையாதது என்பது இதனால் விளங்கும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. ஓர் ஆலை, பொருள் ஒன்றுக்குப் பத்து அளவு வாயு வீதம் நூறு பொருள்கள் செய்கிறது எனக் கொள்வோம். மொத்தம் 1,000 அளவு ஆகும். பின்பு பொருள் ஒன்றுக்கு எட்டளவாகக் குறைத்து, 150 பொருள்கள் செய்யின், மொத்தம் 1,200 ஆகிவிடும். பொருளுக்குரிய அளவு குறைந்தது. வானில் கலந்ததோ மிகுந்தது. உலகின் வெப்பத்தை உயர்த்துவது மொத்த அளவேயன்றோ?

ஆகவே, எந்த ஆண்டோடு ஒப்பிடப்படுகிறது, மூன்று பகுதிகளும் அடங்குமா, குறைவது மொத்தமா விகிதமா, இடைக்கால இலக்குகள் உண்டா, ஆண்டுதோறும் கணக்கு வெளியிடப்படுகிறதா என்னும் வினாக்களை எழுப்புதல் வேண்டும். தன் குறையையும் மறையாது வெளியிடும் நிறுவனத்தின் கணக்கையே பிறர் ஆராய இயலும். சொல்லின் பெருமையால் அன்று, கணக்கின் நேர்மையாலேயே உறுதிமொழி மதிப்புப் பெறுகிறது.