விழி வழியே மொழி

கையும் காலும் நாவும் செயலற்றுப் படுக்கையிலே கிடப்போர் நம்மிடையே உள்ளனர். மூளைத் தண்டிலே இரத்தக் குழாய் அடைபடுவதாலும், இயக்க நரம்புகள் நாளடைவில் நலியும் நோயாலும், இளமையிலேயே மூளைக்கு நேர்ந்த ஊறுபாட்டாலும் இந்நிலை வருவதுண்டு. அவர்களிற் பலருக்குச் செவி கேட்கும். நினைவும் தெளிவாக இருக்கும். உள்ளத்தில் உள்ளதை வெளியிடும் வாயில் ஒன்றுதான் அடைபட்டிருக்கும். "இவருக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று சுற்றத்தார் முடிவு கட்டிவிடுவதே அவர்களுக்கு நேரும் பெருந்துன்பம்.

இவர்களிற் பலருக்குக் கண் என்னும் வாயில் திறந்தே இருக்கிறது. விழியை அசைக்கும் நரம்புகள் முதுகுத் தண்டின் வழியே செல்வதில்லை. மூளைத் தண்டிலிருந்தே புறப்படுகின்றன. ஆகவே உடலெல்லாம் ஓய்ந்தபின்னும் விழியை மேலும் கீழும் அசைக்கவோ, இமையை மூடித் திறக்கவோ பலரால் இயலும்.

பிரெஞ்சுப் பத்திரிகையாசிரியர் ழான் தொமினிக் பொபி 1995 டிசம்பரில் இவ்வகை நோய்க்கு ஆளானார். இடக் கண்ணின் இமையே அவருக்கு எஞ்சிய மொழி. உதவியாளர் எழுத்துக்களை வரிசையாகச் சொல்லி வருவார்; வேண்டிய எழுத்து வந்ததும் பொபி இமைப்பார். மிகுதியாகப் பயிலும் எழுத்துக்கள் முன்னே வருமாறு அவ்வரிசை அமைந்திருந்தது. இவ்வாறே ஒரு முழு நூலைச் சொல்லி முடித்தார். 1997 மார்ச்சில் அந்நூல் வெளிவந்த சில நாட்களுக்குள் காலமானார்.

எதிரே இருப்பவர் செய்யும் இப்பணியை இன்று இயந்திரமும் செய்கிறது. கணினித் திரையின் அடியில் உள்ள சிறு கருவி, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியை விழியின்மேல் வீசும். அவ்வொளி விழிப்பரப்பில் ஒரு புள்ளியாய் மின்னும். அப்புள்ளிக்கும் கண்மணியின் நடுவுக்கும் உள்ள தொலைவும் திசையும் விழி திரும்புந்தோறும் மாறுபடும். அம்மாறுதலைக் காமிரா படம் பிடிக்க, கணினி பார்வை விழும் இடத்தைக் கணக்கிடுகிறது. ஓர் எழுத்தின்மேல் ஏறக்குறைய ஒரு விநாடி பார்வை நிலைத்தால் அவ்வெழுத்துப் பதிவாகும். சொல் நிறைந்ததும் கணினி அதனை உரக்கச் சொல்லும்.

இதிலே ஓர் இடர்ப்பாடும் உண்டு. கண் முதலாவதாகப் பார்ப்பதற்கு அமைந்த உறுப்பு. தேடும் பார்வை எது, தேர்ந்த பார்வை எது என்று கருவி எளிதில் அறியாது. காத்திருக்கும் நேரத்தைக் குறைத்தால் வேண்டாத எழுத்துக்கள் வந்து விழும். கூட்டினால் கண் களைத்துப்போகும். ஆளுக்கேற்ப அந்நேரத்தை வகுத்தல் வேண்டும்.

நம் நாட்டிலும் இத்துறையில் ஆராய்ச்சி நடைபெறுகிறது. பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பேராசிரியர் பிரதீப்த பிஸ்வாஸ் குழுவினர், சென்னையிலே 1985-ல் தோன்றிய நிறுவனமான வித்யாசாகருடன் கூடி உழைத்துள்ளனர். பேசவும் கையசைக்கவும் இயலாதோர் பார்வையாலேயே ஓர் இயந்திரக் கையை இயக்கித் துணியில் அச்சுப் பதிக்கும் முறையை அவர்கள் வகுத்து, 2020-ல் ஆய்வுரையாக வெளியிட்டனர். குறித்த இடத்திற்கு அக்கையைக் கொண்டு செலுத்த, கடையில் விற்கும் தனிக் கருவியால் 60 விநாடிக்குள் முடிந்தது. கணினியோடு வரும் சாதாரணக் காமிராவால் சராசரி 2 நிமிடம் ஆயிற்று. விரைவு குறைந்தாலும் தனிக் கருவியின் செலவு மிச்சமாகிறது.

ஆயினும் கருவி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒளி ஊடுருவும் தகடு ஒன்றில் எழுத்துக்களை இடைவிட்டு எழுதி, நோயாளிக்கும் நமக்கும் நடுவே பிடித்தால் அவர் நோக்கும் எழுத்தை நாம் அறியலாம். தமிழின் 247 எழுத்துக்களையும் தகட்டில் அடைக்க வேண்டுமோ என்று அஞ்சற்க. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆக 31 போதும். மெய்யை நோக்கிப் பின் உயிரை நோக்கினால் உயிர்மெய் பிறந்துவிடும். "வலி" என்று சொல்ல நான்கு பார்வைகளே தேவை.

இங்கேதான் பிற மாநிலங்களில் வாழும் தமிழர் கருத வேண்டிய செய்தி உளது. தேவிகுளம், மூணாறு மலைகளிலே தேயிலைத் தோட்டத்து லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. கேரள அரசு 2008-ல் நோய்த்தணிப்புப் பராமரிப்புக் கொள்கையை வகுத்தது. உள்ளாட்சி மன்றங்களின் ஆதரவில் செவிலியர் வீடு தேடி வருகின்றனர். வரும் செவிலி மலையாளம் மட்டுமே அறிந்தவராக இருக்கலாம். படுத்திருக்கும் முதியவரோ தமிழிலேயே நினைத்துத் தமிழிலேயே வாழ்ந்தவர். நா ஓய்ந்தவரைப் பிறமொழியில் எழுத்துக்கூட்டச் சொல்வது, அவருக்கு எஞ்சிய ஒரு வாயிலையும் அடைப்பதாகும்.

இதற்கு வழி எளிது. "தாகமாயிருக்கிறது", "வலிக்கிறது", "புரட்டிப் படுக்க வையுங்கள்" போன்ற தொடர்களைத் தகட்டின் ஒருபுறம் தமிழிலும், அதே இடத்தில் மறுபுறம் மலையாளத்திலும் எழுதி வைக்கலாம். நோயாளி தம் மொழியில் நோக்குவார். செவிலி தம் மொழியில் படிப்பார். மும்பையில் மராத்தியும், பெங்களூரில் கன்னடமும் மறுபுறம் இடம்பெறட்டும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேச்சுக்குத் துணையாகவும் மாற்றாகவும் அமையும் இத்தகைய முறைகளையும் கருத்துப் பரிமாற்றம் என்றே வகுத்துரைக்கிறது. எனவே இது உரிமை. பிறர் இரங்கித் தரும் உதவியன்று.

மருத்துவரையும் பேச்சுப் பயிற்சியாளரையும் கலந்து தக்க முறையைத் தேர்ந்துகொள்க. அதற்கு முன்பே தொடங்கத்தக்கது ஒன்று உண்டு. "ஆம் என்றால் மேலே பாருங்கள், இல்லை என்றால் கீழே பாருங்கள்" என்று சொல்லி, ஒரு கேள்வி கேட்டு, விடை வரும்வரை பொறுமையோடு அவர் முகத்தை நோக்கி இருங்கள்.