மலைச் சைக்கிளும் மூட்டுக் காப்பும்

ஹைதராபாத் நகரின் மேற்குப் புறத்தில் காஜாகுடா முதலிய இடங்களில் கட்டடங்களுக்கு இடையே எஞ்சி நிற்கும் பாறைக் குன்றுகளில், விடியற்காலை வேளைகளில் சைக்கிள் ஓட்டுவோரைக் காணலாம். விகாராபாத்தை அடுத்த அனந்தகிரிக் குன்றுகளுக்கும் விடுமுறை நாட்களில் இவர்கள் செல்வதுண்டு. இவர்கள் ஓட்டுவது, தடித்த டயரும் முன்சக்கரத்தில் அதிர்ச்சி தாங்கும் அமைப்பும் கொண்ட மலைச் சைக்கிளாகும். தலையில் கவசம் அணிய வேண்டும் என்பதில் இவர்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை. முழங்காலுக்கும் முழங்கைக்கும் காப்பு கட்டிக்கொள்ள வேண்டுமா என்பதில்தான் இரு கட்சிகள் உள்ளன. மாணவர்களை இத்தகைய இடங்களுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்களும், மேடுபள்ளமான பகுதிகளில் சைக்கிளில் சென்று வேலை பார்க்கும் களப் பணியாளர்களும் இவ்வினாவை எதிர்கொள்ள நேரிடுகிறது. கீழே விழுவோரின் மூட்டில் உண்மையில் நிகழ்வது யாது என்பதை அறிந்தால் விடை காண்பது எளிதாகும்.

முதலில் நிலத்தைப் பற்றிச் சிறிது கூறுவது அவசியம். ஹைதராபாத் அமைந்துள்ள நிலம் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கிரானைட் பாறையாலானது. கோல்கொண்டாக் கோட்டை நிற்கும் குன்றும், மௌலா அலிக் குன்றும் இப்பாறையே. வெயிலாலும் மழையாலும் இப்பாறை வெங்காயத்தின் தோல்போல் ஏடு ஏடாக உரிந்து உருண்டைக் கற்களாகிறது. பாறையிலுள்ள பெல்ட்ஸ்பார் என்னும் கனிமம் நாளடைவில் களிமண்ணாக மாறிக் கரைந்துபோக, எளிதில் மாறாத குவார்ட்ஸ் மணிகள் கூரிய முனைகளோடு பருமணலாகத் தங்கிவிடுகின்றன. கெட்டியான பாறைமேல் பரவிக் கிடக்கும் இம்மணிகள் டயருக்கு அடியில் சிறு குண்டுகளைப்போல் உருளுகின்றன. தரையில் கேழ்வரகைக் கொட்டி அதன்மேல் நடந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வளைவில் பிரேக்கை அழுத்தியவுடன் முன்சக்கரம் வழுக்குவதும், ஓட்டுபவர் பக்கவாட்டில் விழுந்து அதே மணலின்மேல் தேய்வதும் இவ்விடங்களில் வழக்கமான நிகழ்ச்சி. அனந்தகிரியிலோ செம்புரைக்கல் மண் அதிகம். அது காய்ந்திருக்கையில் நன்றாகப் பற்றும். ஆனால் மழை பெய்தபின் அதன்மேல் படியும் சேறு வழுக்கும்.

இவ்வாறு விழுபவர் எவ்வளவு தூரம் தேய்வார் என்பதைப் பள்ளிக் கணக்காகவே போடலாம். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்கு 5 மீட்டர். உடலுக்கும் தரைக்கும் இடையேயுள்ள உராய்வுக் குணகத்தை 0.6 என்று கொண்டால், உடல் நிற்பதற்குச் சுமார் 2 மீட்டர் தூரம் வேண்டியிருக்கும். வேகம் இருமடங்கானால் தூரம் நான்கு மடங்காகி 8 மீட்டரைத் தாண்டிவிடும். கூரிய மணல்மேல் 2 மீட்டர் தூரம் தேய்ந்தாலே மேல்தோல் முழுவதும் உரிந்துவிடப் போதுமானது. தொடையிலோ கெண்டைக்காலிலோ இது நேர்ந்தால் தோலுக்கு அடியில் தசை உண்டு. முழங்காலிலும் முழங்கையிலும் அவ்விதப் பாதுகாப்பு இல்லை.

முழங்காற்சில்லு தோலுக்கு மிக அருகில் உள்ளது. இரண்டுக்கும் இடையே, தோல் எளிதில் நகர்வதற்காக, ஒரு மெல்லிய நீர்ப்பை மட்டுமே அமைந்துள்ளது. பலமான அடி விழுந்தால் இப்பை இரத்தமும் நீரும் சேர்ந்து வீங்கும். காயத்தின் வழியே கிருமிகள் உட்புகுந்தால் அதில் சீழ் பிடிக்கும். காயம் இன்னும் ஆழமாகி மூட்டின் உள்ளறைவரை சென்றுவிடுமானால், அது சாதாரணச் சிராய்ப்பன்று. மூட்டின் குருத்தெலும்பையே சில நாட்களில் அரித்துவிடக்கூடிய ஆபத்து. வெளியிலிருந்து பார்க்கையில் ஓர் அங்குலக் கீறலாகவே தோன்றும் இத்தகைய காயத்தை மருத்துவமனையில் மட்டுமே சோதித்துக் கழுவ இயலும். முழங்கையிலும் நிலைமை ஏறக்குறைய இதுவே. அங்கே எலும்பின் கூர்முனை தோலை ஒட்டி நிற்பதோடு, அதன் உட்புறமாக ஒரு நரம்பும் ஓடுகிறது. முழங்கை மேசையில் இடித்தால் விரல்நுனிவரை மின்சாரம் பாய்ந்தாற்போல் தோன்றுவது இந்நரம்பினாலேயே.

காப்பு இரண்டு காரியங்களைச் செய்கிறது. ஒன்று, தோலுக்குப் பதிலாகத் தான் தேய்வது. மற்றொன்று, மோதலின் சக்தியைச் சிறிது தூரத்திலும் அதிகப் பரப்பிலும் பரப்புவது. 5 கிலோகிராம் எடையுள்ள பொருள் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது அதன் சக்தி ஏறத்தாழ 50 ஜூல். அச்சக்தி இரண்டரை மில்லிமீட்டர் தூரத்திற்குள் நிறுத்தப்பட்டால் சராசரி விசை 20,000 நியூட்டன். பத்து மில்லிமீட்டரில் நிறுத்தப்பட்டால் 5,000 நியூட்டன் மட்டுமே. ஏழரை மில்லிமீட்டர் கூடுதலாகக் கிடைத்ததால் விசை கால்பங்காகக் குறைந்துவிடுகிறது. காப்பின் தடிப்பு ஏன் முக்கியம் என்பது இதனால் விளங்கும்.

மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரின் மூட்டுக் காப்புகளுக்காக ஐரோப்பாவில் வகுக்கப்பட்ட இ.என். 1621-1 என்னும் தரநிர்ணயம் இந்த 50 ஜூல் அளவையே சோதனைக்கு எடுத்துக்கொள்கிறது. காப்பின் ஊடே மறுபுறம் சென்று சேரும் உச்ச விசை, பல அடிகளின் சராசரியாக, 35 கிலோநியூட்டனுக்கு மேற்படாதிருந்தால் அது முதல் நிலை. 20 கிலோநியூட்டனுக்கு மேற்படாதிருந்தால் இரண்டாம் நிலை. மலைச் சைக்கிளுக்கென விற்கப்படும் நல்ல காப்புகள் பலவற்றிலும் இந்த எண் அச்சிடப்பட்டிருக்கும். வாங்குவோர் விளம்பரச் சொற்களைவிட இந்த எண்ணைத் தேடிப் பார்ப்பது மேல்.

கடைகளில் 'நீ கேப்' என்ற பெயரில் கிடைக்கும் மீள்துணி உறையை மூட்டுக் காப்பென எண்ணி வாங்குவோர் அநேகர். கபடி ஆட்டக்காரர்களும், மூட்டு வலியுள்ள முதியோரும் அணிவது அது. மூட்டைச் சுற்றி இதமாக இறுக்கிப் பிடிப்பதே அதன் வேலை. பாறையில் மோதும் முழங்காற்சில்லுக்கு அதனால் யாதொரு பாதுகாப்பும் இல்லை. தேய்வதை வேண்டுமானால் ஓரளவு தாங்கும்.

உண்மையான காப்புகளிலும் இரு வகை உண்டு. வெளியே கெட்டியான பிளாஸ்டிக் ஓடு வைத்தது ஒன்று. அது பாறையில் சிக்காமல் வழுக்கிச் செல்லும், கூர்முனையையும் தடுக்கும். ஆனால் பருமன் அதிகம். நெடுநேரம் பெடல் மிதிக்க உதவாது. மற்றது ஓடு இல்லாத மென்வகை. இதில் பல, மெதுவாக வளைத்தால் வளைந்தும், வேகமாக அடித்தால் இறுகியும் நிற்கும் விசேஷப் பாலிமர்களால் ஆனவை. இவ்விந்தைக் குணத்தை வகுப்பில் காட்டச் செலவு ஏதுமில்லை. கடையில் கார்ன்ஃபிளவர் என விற்கும் சோள ஸ்டார்ச்சு இரு பங்கும் தண்ணீர் ஒரு பங்கும் கலந்து ஒரு கிண்ணத்தில் வைத்தால், மெல்ல அமிழ்த்தும் விரல் உள்ளே இறங்கும். ஓங்கிக் குத்தும் முஷ்டி கல்லில் பட்டதுபோல் நிற்கும். பாலிமரின் உள்ளே நடப்பது ஸ்டார்ச்சுக் கரைசலில் நடப்பதினின்று வேறாயினும், மாணவர் மனத்தில் பதிய இச்சோதனை போதும்.

இனி, காப்பினால் இயலாதவை. முழங்கால் முறுக்கிக்கொண்டு தசைநார் கிழிவதை எந்தக் காப்பும் தடுப்பதில்லை. சைக்கிளின் கைப்பிடிக்கு மேலாக முன்புறம் தூக்கியெறியப்படுபவர் கையை நீட்டியோ தோளை ஊன்றியோ விழுகிறார். அப்போது முறிவது பெரும்பாலும் காறை எலும்பும் மணிக்கட்டுமே. மலைச் சைக்கிள் விபத்துகளில் எண்ணிக்கையில் மிகுந்தவை கைகால்களில் ஏற்படும் சிராய்ப்பும் ஊமைக்காயமும். உயிருக்கும் உறுப்புக்கும் கேடு விளைப்பவை தலை, கழுத்து, முதுகெலும்பு ஆகியவற்றின் காயங்கள். மூட்டுக் காப்பு முதல் வகைக்கு உரியது. ஆகவே பணம் குறைவாக உள்ள பள்ளி முதலில் வாங்க வேண்டியது சரியான அளவுள்ள தலைக்கவசம்; அடுத்து முழுவிரல் கையுறை; அதன்பின்னரே முழங்கால் காப்பு. காப்புக் கட்டிய தைரியத்தில் வழக்கத்தைவிட வேகமாக இறங்குவோரும் உண்டு. அவர்கள் காப்பினால் பெற்ற லாபத்தை வேகத்தினால் இழந்துவிடுகின்றனர்.

முழங்கால், முழங்கை இரண்டில் எதற்கு முதலிடம்? சக்கரச் சப்பாத்து அணிந்து சறுக்கி விளையாடுவோரைப் பற்றி அமெரிக்காவில் நடத்தப்பட்டு 1996-இல் வெளியான ஓர் ஆய்வு இங்கு குறிப்பிடத்தக்கது. முழங்கைக் காப்பு அணியாதவர்களுக்கு முழங்கைக் காயம் நேரும் வாய்ப்பு, அணிந்தவர்களைவிடச் சுமார் ஒன்பதரை மடங்கு அதிகமென அதில் தெரியவந்தது. மணிக்கட்டுக் காப்பிலும் இதையொத்த பயன் காணப்பட்டது. முழங்கால் காப்பிலோ வேறுபாடு சுமார் இரு மடங்குதான்; அதுவும் புள்ளியியல் முறைப்படி உறுதியென்று கொள்ளத்தக்கதாயில்லை. ஆயினும் இம்முடிவை அப்படியே சைக்கிளுக்குப் பொருத்துவது தவறாகும். சறுக்குபவர் வெறுங்கையோடு விழுகிறார். சைக்கிள் ஓட்டுபவரோ ஓர் இயந்திரத்தோடு சேர்ந்து விழுகிறார். அவரது முழங்கால் தரையில் மட்டுமன்றிக் கைப்பிடியிலும் சட்டத்திலும் மோதுகிறது. பற்றுதலுக்காக முள் பதித்த பெடல் முழங்காலுக்குக் கீழே கணைக்காலைக் கிழிக்கிறது. எனவே மலைச் சைக்கிளில் முழங்காலுக்கு முதலிடமும் முழங்கைக்கு இரண்டாமிடமும் அளிப்பதே பொருத்தம்.

போட்டிகளின் விதிகளும் சரிவைக் கொண்டே வேறுபடுகின்றன. இவ்விளையாட்டு 1970-களில் கலிபோர்னியாவின் டமால்பாயிஸ் மலைச்சரிவில் பிறந்தது. 1976-இல் அப்பகுதியில் தொடங்கிய பந்தயத்தில் ஓடியவர்கள் தடித்த காற்சட்டையையும் தொழிலாளர் கையுறையையுமே காப்பாகக் கொண்டிருந்தனர். 1996 முதல் ஒலிம்பிக்கில் நடைபெறும் நெடுவழிப் பந்தயத்தில் தலைக்கவசம் கட்டாயம். ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வருவதால் ஓட்டுவோர் பெரும்பாலும் மூட்டுக் காப்பு அணிவதில்லை. செங்குத்தாக இறங்கும் பந்தயத்திலோ முகத்தையும் மூடும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியுள்ள சர்வதேச சைக்கிள் சங்கம், முழங்கால், முழங்கை, தோள், முதுகு ஆகியவற்றுக்கும் காப்பு அணியுமாறு வலியுறுத்திப் பரிந்துரைக்கிறது.

காப்பை விரும்பாதவர்கள் கூறும் காரணத்தையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஹைதராபாத்தில் ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெப்பம் 40 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டுவதுண்டு. சைக்கிள் மிதிப்பவரின் உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே பெடலைச் சேர்கிறது. எஞ்சியது முழுவதும் உஷ்ணமாக வெளியேறியாக வேண்டும். வியர்வை ஆவியாகாமல் மூட்டை மூடிவைப்பது அதற்குத் தடை. மேலும் நிமிடத்திற்கு 75 சுற்று மிதிப்பவரின் முழங்கால் ஒரு மணி நேரத்தில் 4,500 தடவை மடங்கி நிமிர்கிறது. பொருந்தாத காப்பு அத்தனை தடவையும் தோலை உரசும். இதற்குப் பரிகாரம், ஏற்றத்தில் காப்பைப் பையிலோ கணுக்காலிலோ வைத்திருந்து, உச்சியில் நின்று இளைப்பாறும்போது அணிந்துகொண்டு இறங்குவதாகும். விழுவது ஏறும்போதன்று, இறங்கும்போதே மிகுதி.

2023-இல் வெளிவட்டச் சாலையை ஒட்டித் திறக்கப்பட்ட, சூரியத் தகடுகளால் கூரை வேய்ந்த 23 கிலோமீட்டர் சைக்கிள் பாதையில் ஓட்டுபவருக்கு மூட்டுக் காப்பு வேண்டியதில்லை, தலைக்கவசம் போதும். மண்பாதையில் நிதானமாகச் செல்வோருக்கும் அவ்வாறே. பாறையும் பருமணலும் கொண்ட சரிவில் இறங்குவோர் யாவரும் முழங்கால் காப்பு அணிதல் வேண்டும். புதிதாகப் பழகுவோரும் மாணவரும் அத்துடன் முழங்கைக் காப்பும் அணிவது நலம். விழத் தெரியாதவரே அடிக்கடி விழுகின்றனர்.

அளவு பார்ப்பதில் கவனம் தேவை. காப்பை அணிந்து பத்து முறை முழுவதும் குந்தி எழ வேண்டும். அதற்குள் காப்பு நழுவினால், விழும்போதும் நழுவிச் சில்லை வெளிக்காட்டிவிடும். அத்தகைய காப்பு இருந்தும் இல்லாததே. அண்ணனுக்கு வாங்கியதைத் தம்பிக்குக் கட்டிவிடுவது குடும்பத்திற்குச் சிக்கனமாயினும் இவ்விஷயத்தில் உதவாது.

காப்பையும் மீறிச் சிராய்ப்பு ஏற்பட்டால், ஓடும் நல்ல நீரில் சோப்பிட்டு மணல் முழுவதும் நீங்கும்வரை கழுவுதல் வேண்டும். உள்ளே தங்கிவிடும் துகள்கள் சீழை உண்டாக்குவதோடு, ஆறியபின் பச்சை குத்தினாற்போல் கருநீலத் தழும்பாக நிலைத்துவிடும். காப்பித்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் ஆகியவற்றைக் காயத்தில் வைக்கும் பழக்கம் தீங்கானது. டெட்டனஸ் எனப்படும் ரணஜன்னியின் வித்துக்கள் மண்ணில் எங்கும் உள்ளன. அரசின் தடுப்பூசித் திட்டத்தில் 10 வயதிலும் 16 வயதிலும் இதற்கான ஊசி போடப்படுகிறது. மாணவர்களை அழைத்துச் செல்லுமுன் ஆசிரியர் அதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். மூட்டின்மேல் வாய் பிளந்த காயம், நேரம் செல்லச் செல்ல மிகும் வீக்கம், மூட்டை மடக்க இயலாமை, காய்ச்சல் ஆகியவற்றில் எது தோன்றினும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பயன்படுத்திய காப்பை ஒவ்வொரு முறையும் சோப்பு நீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலிலோ, மூடிய மோட்டார் வண்டிக்குள்ளோ கிடந்தால் உள்ளிருக்கும் நுரைப்பொருள் நாளடைவில் இறுகி வெடித்துப்போகும். விரலால் அழுத்தினால் பழைய வடிவத்திற்குத் திரும்பாத காப்பையும், உட்புறம் விரிசல் கண்டதையும் மாற்றிவிடுதல் வேண்டும்.