மாட்டுக்குக் கிட்டத்துச் சொந்தம் குதிரையா, திமிங்கலமா?

தொழுவத்தில் நின்று அசைபோடும் மாட்டுக்குக் குதிரையைவிடத் திமிங்கலம்தான் நெருங்கிய சொந்தம், தெரியுமா? நீர்யானை இருக்கிறதே, பார்வைக்குப் பெரிய பன்றி மாதிரி, அதற்கும் பன்றியைவிடத் திமிங்கலமே கிட்டத்து உறவு! கல்லைத் தோண்டியவர்கள், கருவை ஆராய்ந்தவர்கள், மரபணுவைப் படித்தவர்கள் எல்லாரும் தனித்தனியாகத் தேடிக்கொண்டு போய், கடைசியில் ஒரே முடிவில் வந்து நின்றார்கள். இதைவிடப் பெரிய ஆச்சரியத்தை அறிவியலில் நான் படித்ததில்லை.

உயிர்களை வகைபிரிக்கும் முறையை வகுத்துத் தந்த ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸே 1735-இல் திமிங்கலத்தை மீன் பட்டியலில்தான் சேர்த்திருந்தார். நுரையீரலால் மூச்சு விடுகிறது, குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது என்று பார்த்து, 1758 பதிப்பில் பாலூட்டிகள் பக்கம் மாற்றினார். அதற்கு 60 வருடம் கழித்து நியூயார்க் நீதிமன்றத்தில் என்ன நடந்தது தெரியுமா? மீன் எண்ணெய்க்கு அரசுச் சோதனை கட்டாயம் என்று ஒரு சட்டம். திமிங்கல எண்ணெய் அதில் வருமா, வராதா என்று 1818-இல் வழக்கு! சாமுவேல் மிட்சில் என்ற அறிஞர் கூண்டில் ஏறி, திமிங்கலம் மீனே இல்லை என்று விளக்கிச் சொன்னார். ஜூரிகளோ மீன்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்!

சரி, பாலூட்டி என்றால் கரையிலிருந்துதானே கடலுக்குப் போயிருக்க வேண்டும்? எந்த விலங்கு போனது? 1859-இல் டார்வின், வாயைத் திறந்தபடி நீந்திப் பூச்சி பிடிக்கும் கரடியை உதாரணம் காட்டினார். கேலி பேசினார்கள்; அடுத்த பதிப்பிலேயே அந்தப் பகுதியைச் சுருக்கிவிட்டார். அவர் காட்டிய விலங்குதான் தவறு, கரையிலிருந்து போனது என்ற எண்ணம் தவறே இல்லை.

எகிப்தின் பாலைவனத்தில் வாடி அல்-ஹிதான் என்று ஒரு பள்ளத்தாக்கு. தண்ணீர் வாசனையே இல்லாத அந்த மணலில் திமிங்கல எலும்புக்கூடுகள் வரிசையாகக் கிடக்கின்றன! ஏறக்குறைய 4 கோடி ஆண்டுகளுக்கு முன் அது கடல். 2005-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அங்கே கிடைத்த பசிலோசாரஸ் என்ற பழைய திமிங்கலம் 15 மீட்டருக்கு மேல் நீளம். அதன் பின்பக்கத்தில் 1990-இல் புதைபடிவ ஆய்வாளர் ஜிஞ்சரிச்சின் குழுவினர் அடையாளம் காட்டியது என்ன? கால்கள்! தொடை எலும்பு, முழங்கால் சில்லு, கணுக்கால், விரல்கள் எல்லாம் சேர்த்து அரை மீட்டர்கூட வராது. அத்தனை பெரிய உடம்பை அந்தக் காலால் தாங்கவே முடியாது. நடக்கப் பயன்படாத காலில் முழங்கால் எதற்கு? நடந்த முன்னோர் விட்டுப்போன சொத்து, வேறென்ன!

இந்தக் கதையின் தலைவாசல் நம் நாட்டில் இருக்கிறது, அது தெரியுமா? ஜம்மு காஷ்மீரின் காலாகோட் பகுதியில் பாறைகளைச் சேகரித்து வைத்தவர் இந்தியப் புவியியலாளர் ஏ. ரங்கா ராவ். 1971-இல் இண்டோஹியஸ் என்று ஒரு விலங்குக்குப் பெயரும் வைத்தார். அவர் காலமான பிறகும் உடைக்காத பாறைகள் ஏராளமாக வீட்டில் இருந்தன. அவற்றை அவர் மனைவி அமெரிக்காவில் வேலை செய்யும் ஆய்வாளர் தெவிசனிடம் ஒப்படைத்தார். ஆய்வுக்கூடத்தில் ஒரு மண்டையோட்டின் காது எலும்பு தவறுதலாக உடைந்தது. உடைந்த இடத்தைப் பார்த்தால், காதுக் கிண்ணத்தின் உள்சுவர் மட்டும் தடித்துத் திரண்டிருக்கிறது! அந்த அமைப்பு திமிங்கல இனத்துக்கே உரியது. ஆனால் இதுவோ பூனை அளவில், மெலிந்த கால்களோடு, சின்ன மான் மாதிரி இருந்த பிராணி. நீரில் இறங்கி நடப்பதற்கு ஏற்ற கனமான எலும்புகள். வயது 4 கோடியே 80 லட்சம் ஆண்டுகள். 2007-இல் செய்தி வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அந்தப் பாறைகளைப் பத்திரமாக வைத்திருந்த அந்த அம்மாவுக்கு அறிவியல் கடன்பட்டிருக்கிறது.

அடுத்தது இன்னும் பிரமாதம். ஆட்டின் பின்னங்காலில் கணுக்காலுக்குள் ஒரு சிறிய எலும்பு உண்டு. கையில் எடுத்துப் பார்த்தால் மேல்நுனியிலும் கீழ்நுனியிலும் கிணற்றுக் கப்பி போலப் பள்ளம் ஓடும். கிரேக்கர்களும் ரோமானியர்களும் இதையே உருட்டி விளையாடினார்கள். ஆடு, மாடு, மான், பன்றி, ஒட்டகம், நீர்யானை என இரட்டைக் குளம்பு இனத்துக்கு மட்டுமே இரண்டு பக்கமும் கப்பி. குதிரைக்குக் கிடையாது. மரபணு ஆய்வாளர்கள் திமிங்கலத்தை நீர்யானையோடு சேர்த்தபோது, ஜிஞ்சரிச் அதை ஏற்கவில்லை. அழிந்துபோன வேறொரு ஊனுண்ணி இனத்தைத்தான் அவர் முன்னோராகக் கருதினார். பிறகு பாகிஸ்தானின் பலுசிஸ்தானில் பழைய திமிங்கலங்களின் கணுக்கால் அவர் கைக்கே கிடைத்தது. இரண்டு பக்கமும் கப்பி! 2001-இல் தம் கருத்தை மாற்றிக்கொண்டு வெளிப்படையாகவே எழுதினார்.

அந்த மரபணுச் சான்றுதான் என்ன? டி.என்.ஏ.வின் சில துணுக்குகள் தம்மைத் தாமே நகலெடுத்து, எங்காவது ஓரிடத்தில் செருகிக்கொள்ளும். போன துணுக்கு அநேகமாக அங்கேயே தங்கி, பரம்பரை பரம்பரையாக இறங்கும். ஜப்பானிய ஆய்வாளர் ஒகாடாவின் குழுவினர் 1990-களில் தேடிப் பார்த்தார்கள். திமிங்கலத்துக்கும் நீர்யானைக்கும் அதே துணுக்குகள் அதே இடங்களில்! அந்த இடங்களில் பன்றிக்கு இல்லை, ஒட்டகத்துக்கு இல்லை.

கருவும் இதே கதையைத்தான் சொல்கிறது. பல்லே இல்லாத நீலத்திமிங்கல வகைக் குட்டிக்குத் தாய் வயிற்றில் பல் முளை அரும்பி, பிறக்கும் முன் கரைந்துவிடும், தெரியுமா? டால்பின் கருவில் பின்னங்கால் மொட்டு தோன்றி மறையும். சிலவற்றில் மறைவதில்லை: 2006-இல் ஜப்பானின் தைஜியில் பிடிபட்ட டால்பினுக்குப் பின்புறம் கூடுதலாக ஒரு ஜோடித் துடுப்பு! நீந்தும் விதமும் ஒரு சாட்சி. மீன் வாலைப் பக்கவாட்டில் வீசும். திமிங்கலம் மேலும் கீழும் அடிக்கும். நாலுகால் பாய்ச்சலில் ஓடும் விலங்கின் முதுகெலும்பும் அப்படித்தான் வளைந்து நிமிரும்.

பெரு நாட்டுக் கடற்கரையில் கிடைத்து, 2019-இல் அறிவிக்கப்பட்ட பெரெகோசீட்டஸ் என்ற திமிங்கலத்துக்கு நாலு கால்கள். சுமார் 4 கோடியே 26 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியது. கடலில் நீந்தித் தென் அமெரிக்காவுக்கே போய்ச் சேர்ந்துவிட்ட அந்தப் பிராணியின் விரல் நுனிகளில் என்ன இருந்தது தெரியுமா? குட்டிக் குட்டிக் குளம்புகள்!