ஆப்பிரிக்கப் பேரேரிகள்: ஒரு பெயரின் எல்லைகள்

கிழக்கு ஆப்பிரிக்காவில் வடக்கே எத்தியோப்பிய எல்லை முதல் தெற்கே மொசாம்பிக் வரை நீண்டு கிடக்கும் பெரிய இயற்கை நீர்நிலைகளைப் புவியியலாளர் ‘ஆப்பிரிக்கப் பேரேரிகள்’ என்று தொகுத்து அழைக்கின்றனர். விக்டோரியா, டாங்கனிக்கா, மலாவி, ஆல்பர்ட், எட்வர்ட், கிவு ஆகியவை அத்தொகுதியில் வழக்கமாக இடம்பெறுவன. உவர்த்தன்மை கொண்ட துர்க்கானாவைச் சிலர் சேர்ப்பர், சிலர் விடுப்பர். நாளிதழ்களிலோ ‘பேரேரிப் பகுதி’ என்னும் தொடர் ருவாண்டா, புருண்டி, கிழக்குக் காங்கோ ஆகியவற்றின் போர்ச்செய்திகளோடு சேர்ந்தே வருவதால், அது நீரைக் குறிக்கிறதா, நாடுகளைக் குறிக்கிறதா என்ற மயக்கம் வாசகருக்கு எழுவது இயல்பே.

பேரேரிகள் என்றதும் உலகம் முதலில் நினைப்பது வட அமெரிக்காவின் ஐந்து ஏரிகளை. அவை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நீர் வழிந்து, செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் வழியே அட்லாண்டிக்கை அடைவதால், அங்கு அப்பெயர் ஒரே நீர்த்தொடரைச் சுட்டுகிறது. ஆப்பிரிக்காவில் நிலைமை வேறு. விக்டோரியா, எட்வர்ட், ஆல்பர்ட் ஆகியவற்றின் நீர் நைல் ஆற்றில் கலந்து வடக்கே மத்தியதரைக் கடலுக்குச் செல்கிறது. கிவுவின் நீர் ருசிசி ஆற்றின் வழியே டாங்கனிக்காவில் இறங்கி, அங்கிருந்து காங்கோ ஆற்றைச் சேர்ந்து மேற்கே அட்லாண்டிக்கை அடைகிறது. மலாவியின் நீர் ஷிரே ஆற்றின் வழியே சாம்பெசியில் கலந்து இந்தியப் பெருங்கடலுக்குப் போகிறது. துர்க்கானாவுக்கோ வெளிவாயிலே இல்லை.

இவற்றை ஒரு பெயரின்கீழ் நிறுத்துவது நீரோட்டம் அன்று, நிலத்தின் பிளவு. கண்டத்தின் கிழக்குப் பகுதி மெல்ல விலகிச் செல்வதால் தரை தாழ்ந்து உண்டான நீண்ட பள்ளங்களைப் பிளவுப் பள்ளத்தாக்கு என்பர். டாங்கனிக்கா ஏறத்தாழ 1,470 மீட்டர் ஆழம் கொண்டு, உலகின் ஆழமான ஏரிகளில் பைக்கால் ஏரிக்கு அடுத்த இடத்தைப் பெற்றிருப்பதற்கு அதுவே காரணம். இலங்கைத் தீவையே விழுங்கக்கூடிய, ஏறத்தாழ 68,800 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள விக்டோரியா அப்பள்ளங்களில் அமையாமல், பிளவின் இரு கிளைகளுக்கும் நடுவே சற்றே தாழ்ந்த மேட்டுநிலத்தில் தேங்கியதாகும். அதன் மிகப் பெரிய ஆழம் 80 மீட்டரைச் சுற்றியே அமைகிறது. ஆகவே, புவியியல் நோக்கிலும்கூட இத்தொகுதியின் மிகப் பெரிய உறுப்பு மற்றவற்றோடு முழுமையாகப் பொருந்துவதில்லை.

தனித்தனி ஏரிகளின் பெயர்கள் காலனி ஆட்சியின் வரலாற்றை இன்றும் சுமந்து நிற்கின்றன. 1858இல் பிரித்தானியப் பயணி ஜான் ஹானிங் ஸ்பீக் தாம் கண்ட ஏரிக்குத் தம் அரசி விக்டோரியாவின் பெயரைச் சூட்டினார்; ஆனால் கரையில் வாழும் புகாண்டா மக்கள் லுபாலே என்னும் தம் தெய்வங்களோடு தொடர்புபடுத்தி அதனை நலுபாலே என்று வழங்கி வந்திருந்தனர். 1864இல் சாமுவேல் பேக்கர், அரசியின் மறைந்த கணவர் ஆல்பர்ட்டின் பெயரை மற்றோர் ஏரிக்கு இட்டார். 1888இல் டெலெக்கி பிரபுவின் பயணக்குழு ஆஸ்திரிய இளவரசர் ருடால்பின் பெயரைத் தந்த ஏரியை, 1975இல் கென்ய அரசு கரைவாழ் மக்களின் பெயரால் துர்க்கானா என மாற்றியது. 1970களில் காங்கோவின் ஆட்சியாளர் மொபுட்டுவும் உகாண்டாவின் ஆட்சியாளர் இடி அமீனும் முறையே ஆல்பர்ட், எட்வர்ட் ஏரிகளுக்குத் தம் பெயர்களையே வைத்தனர். அவர்கள் வீழ்ந்தபின் அப்பெயர்கள் நிலைக்கவில்லை. மக்கள் வழக்கில் இல்லாத பெயர், சூட்டியவர் அரசரானாலும் சர்வாதிகாரியானாலும், அதிகாரத்தின் வலிமையால் மட்டுமே நிற்கிறது என்பதை ருடால்ப், மொபுட்டு, இடி அமீன் ஆகிய பெயர்களின் மறைவு ஒன்றுபோலக் காட்டுகிறது.

தொகுதிப் பெயரின் அரசியல் வழக்கு இதனினும் நெகிழ்வானது. 1976இல் அமைந்த பேரேரி நாடுகளின் பொருளாதாரச் சமூகத்தில் புருண்டி, ருவாண்டா, அன்று சயீர் எனப்பட்ட காங்கோ ஆகிய மூன்று நாடுகளே இருந்தன. பெல்ஜிய ஆட்சிக்கு உட்பட்டிருந்த, பிரெஞ்சு மொழி வழங்கிய நாடுகள் அவை. 1994இல் ருவாண்டாவில் நிகழ்ந்த இனப்படுகொலையும், எல்லை கடந்து கிவு ஏரிக்கரைக்குத் திரண்ட அகதிகளும், அதைத் தொடர்ந்து காங்கோவில் மூண்ட போர்களும் ‘பேரேரிப் பகுதி’ என்ற தொடரை உலகச் செய்திகளில் பதியவைத்தன. போரில் தலையிட்ட நாடுகளும் அகதிகளை ஏற்ற நாடுகளும் சேரச்சேரப் பெயரின் எல்லையும் விரிந்தது. 2006 டிசம்பரில் நைரோபியில் பாதுகாப்பு ஒப்பந்தம் கையெழுத்தான பேரேரிப் பகுதிக்கான பன்னாட்டு மாநாடு என்னும் அமைப்பில் இன்று 12 நாடுகள் உள்ளன. இவ்வேரிகளில் ஒன்றின் கரையும் இல்லாத அங்கோலாவும் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசும் அதில் உறுப்பினர். ஓர் ஏரியோடு பெயரைப் பகிர்ந்துகொள்ளும் மலாவியோ உறுப்பினரன்று. வரைபடத்தை வைத்துக்கொண்டு இப்பட்டியலை விளங்கிக்கொள்ள இயலாது. போரின் வரலாறே அதற்குத் திறவுகோல்.

வரலாற்றாசிரியரும் மொழியியலாரும் இப்பெயரை மிகக் குறுகலாக, விக்டோரியாவுக்கும் மேற்குப் பிளவின் ஏரிகளுக்கும் இடைப்பட்ட மேட்டுநிலத்துக்கு மட்டும் ஆள்கின்றனர். புகாண்டா, புன்யோரோ, ருவாண்டா, புருண்டி முதலிய பழைய அரசுகள் எழுந்ததும், லுகாண்டா, கின்யருவாண்டா போன்ற நெருங்கிய உறவுடைய பாந்து மொழிகள் வழங்குவதும் அங்கேதான். மூன்று வழக்குகளுள் இதுவே உள்ளூர் மக்களின் வாழ்வை ஒட்டியது. பொதுவாசகரை இது அதிகம் எட்டாதது வருந்தத்தக்கது.

தெற்கே உள்ள மலாவி ஏரியின் பெயரோ இன்னும் பூசலுக்குரியதாகவே இருக்கிறது. ‘நியாசா’ என்பது அக்கரை மக்களின் மொழியில் ஏரி என்னும் பொதுச்சொல்லே. 1964இல் விடுதலை பெற்ற நியாசாலாந்து, மராவி என்னும் பழைய அரசை நினைவூட்டும் மலாவி என்ற பெயரை ஏற்று, ஏரியையும் அவ்வாறே அழைத்தது. தான்சானியாவும் மொசாம்பிக்கும் நியாசா என்ற பெயரை விடவில்லை. 1890இன் ஆங்கில-ஜெர்மானிய ஒப்பந்தப்படி எல்லை தான்சானியக் கரையோரமே ஓடுகிறது என்பது மலாவியின் வாதம்; ஏரியின் நடுவே ஓடுகிறது என்பது தான்சானியாவின் வாதம். எண்ணெய் தேடும் முயற்சியால் 2012இல் இப்பூசல் கூர்மையடைந்தபின் மொசாம்பிக்கின் முன்னாள் குடியரசுத் தலைவர் ஜோவாகிம் சிசானோ தலைமையில் சமரசப் பேச்சு நடந்தது. ஏரியை எப்பெயரால் சுட்டுவது என்பதும் இவ்விரு நாடுகளுக்கு இடையே எல்லைக்கோரிக்கையின் ஒரு பகுதியாகவே கொள்ளப்படுவதால், நடுநிலை பேண விரும்பும் ஆவணங்கள் மலாவி, நியாசா என இரு பெயர்களையும் அருகருகே எழுதுகின்றன.